தாங்கும் கலை

சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்கு நம் பாட்டன்மார் இட்ட பெயர் ‘செத்த காலேஜ்’ என்பது. 1851இல் அது தொடங்கப்பெற்றபோது கல்லூரிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. உள்ளே இருந்தவையோ உயிரற்ற பொருள்கள். ஆகவே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. உயிருள்ள விலங்குகளைக் காட்டிய இடம் ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. கொல்கத்தாவிலோ வங்காள மக்கள் பொருட்காட்சிசாலையை ‘ஜாதுகர்’, அதாவது மாய வீடு என்கின்றனர். ஒரே வகை நிலையத்தை ஓர் ஊரார் சாவோடும், மற்றோர் ஊரார் மாயத்தோடும் சேர்த்து எண்ணியது சுவையான செய்தியே.

ஆனால் பொருட்காட்சிசாலையில் உள்ளவை முற்றும் செத்த பொருள்கள் அல்ல. கல் உப்பை உறிஞ்சுகிறது. வெண்கலம் ஈரத்தைக் கண்டால் பச்சைப் பொடியாக உதிர்கிறது. மரம் மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்குகிறது. இவற்றை நாள் முழுதும் தாங்கி நிற்பது எது? பீடம், முளை, கம்பி, கொக்கி, மெத்தை என்று பார்ப்பவர் கண்ணில் படாத சில உறுப்புகளே. அவற்றைப் பொதுவாகத் ‘தாங்கி’ என்று சொல்லலாம். சிலையைப் பற்றி எழுதிய நூல்கள் பல. சிலையைத் தாங்கும் பொருளைப் பற்றி எழுதியவை மிகச் சில. அந்தத் தாங்கியின் வரலாற்றை, கொல்கத்தாவை நடுவாகக் கொண்டு, இங்கே ஆராய முற்படுகிறோம்.

கல்கத்தாவில் ஆசியக் கழகம் 1784இல் வில்லியம் ஜோன்ஸ் என்பவரால் நிறுவப்பெற்றது. கழகத்தார்க்குக் கல்வெட்டுகளும் நாணயங்களும் சிலைகளும் பல திசைகளிலிருந்தும் வந்து குவிந்தன. அவற்றை வைக்க இடம் வேண்டும் என்றும், தாமே முன்னின்று பேணுவதாகவும் 1814ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நதானியல் வாலிக் என்னும் டென்மார்க்கு நாட்டுத் தாவர அறிஞர் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து பிறந்ததே இன்றைய இந்தியப் பொருட்காட்சிசாலை. நம் நாட்டில் இவ்வகை நிலையங்களுள் இதுவே மூத்தது. சௌரங்கிச் சாலையில், இன்று ஜவாஹர்லால் நேரு சாலை எனப்படும் வீதியில், கிரான்வில் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த பெரிய மாளிகையில் அது 1878இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பெற்றது.

அந்த மாளிகைக்கு வந்த பெருஞ்செல்வங்களுள் ஒன்று பார்ஹுத் கல்வேலி. மத்தியப் பிரதேசத்தில், சட்னா புகைவண்டி நிலையத்திலிருந்து சில மைல் தொலைவில், பார்ஹுத் என்னும் சிற்றூரில் 1873இன் இறுதியில் அலெக்சாண்டர் கன்னிங்காம் ஒரு பௌத்தத் தூபியின் எச்சத்தைக் கண்டார். தூபியின் உடலைச் சுற்றுவட்டார மக்கள் வீடு கட்டுவதற்காகப் பெரும்பாலும் எடுத்துச் சென்றிருந்தனர். ஆனால் அதைச் சூழ்ந்த கல்வேலியின் ஒரு பகுதி இடிபாடுகளுக்கு அடியில் புதைந்து பிழைத்திருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அந்த வேலியின் தூண்களிலும் வளையங்களிலும் புத்தரின் முற்பிறவிக் கதைகள் செதுக்கப்பட்டுப் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. கிடைத்தவற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பக் கன்னிங்காம் முடிவு செய்தார். பழஞ்சின்னத்தை அதன் மண்ணிலிருந்து பெயர்ப்பது முறையன்று என்று அக்காலத்திலேயே குறை கூறியோர் உண்டு. விட்டுவைத்தால் கல் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்பது கன்னிங்காமின் விடை.

இந்த வேலி நமக்கு ஒரு முதற்பாடம் சொல்கிறது. அது மரவேலியைப் பார்த்துச் செய்த கல்வேலி. செங்குத்தான தூணின் இரு பக்கமும் துளைகள். அவற்றுள் குறுக்குக் கற்களின் முனைகள் நுழைகின்றன. இந்தக் குறுக்குக் கல்லுக்கு வடமொழியில் ‘சூசி’ என்று பெயர். ஊசி என்பது அதன் பொருள். தூணின் தலையில் ஒரு முளை. அதன்மேல் அமரும் நெடுங்கல்லின் அடியில் அதற்கேற்ற குழி. சாந்து எங்கும் இல்லை. ஒரு கல்லின் எடையே மற்றொரு கல்லை இறுக்குகிறது. தோரணவாயிலின் சில உறுப்புகளில் கரோஷ்டி எழுத்துகள் வெட்டப்பட்டிருந்ததையும் கன்னிங்காம் கண்டு எழுதினார். வேலை செய்த தச்சர் தமக்கென இட்டுக்கொண்ட குறிகள் அவை என்பது அவர் கருத்து.

இத்தகைய பொருளை மீண்டும் நிறுத்துவோன் முதலில் கற்கவேண்டியது, அது முன்பு எப்படி நின்றது என்பதையே. எந்தக் கல் எதைத் தாங்கியது, எடை எந்த வழியாக நிலத்துக்கு இறங்கியது என்று அறியாமல் வேறொரு தாங்கியை அதன்மேல் திணித்தால், பழைய தச்சன் நினையாத இடத்தில் பாரம் விழும். இரண்டாயிரம் ஆண்டு விரியாத கல் அங்கே விரிசல் காணும்.

இரண்டாவது பாடம் இதே மாளிகையில் இருக்கும் மற்றொரு பொருளால் கிடைப்பது. பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில், நேபாள எல்லைக்கு அருகே, ராம்பூர்வா என்னும் இடத்தில் அசோகர் காலத் தூண்கள் இரண்டு கிடந்தன. ஒன்றின் சிகரத்தில் சிங்கம். மற்றதன் சிகரத்தில் எருது. எருது இன்று புது தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் நிற்கிறது. சிங்கம் கொல்கத்தாவுக்கு வந்தது. வழவழப்பாக மெருகிட்ட அந்தப் பெருஞ்சிகரத்தைத் தூணோடு இணைத்தது எது தெரியுமா? ஏறத்தாழ 2 அடி நீளமுள்ள செப்பு முளை ஒன்று. நடுவில் சற்றுப் பருத்து இரு முனையிலும் சிறுத்துப் பீப்பாய் போன்ற வடிவில் இருக்கும். தூணின் உச்சியில் ஒரு குழி, சிகரத்தின் அடியில் ஒரு குழி. இரண்டிலும் பாதி பாதியாக அது பொருந்தியது. அந்தச் செப்பு முளையும் கொல்கத்தாக் காட்சிசாலைக்கே வந்து சேர்ந்தது. சிங்கத்தைக் காண்போர் பலர். முளையைத் தேடிப் பார்ப்போர் மிகச் சிலர்.

இரும்பு கிடைத்த காலத்தில் அவர்கள் ஏன் செம்பை நாடினர் என்பது சிந்திக்கத்தக்கது. அவர்கள் எண்ணத்தை எழுதி வைக்கவில்லை; ஆயினும் பயன் நம் கண்முன் உள்ளது. இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகும். கல்லுக்குள் இறுகப் பொதிந்த இரும்பு பெருக இடமின்றிக் கல்லையே பிளந்துவிடும். செம்போ மேற்பரப்பில் பச்சை படிந்து பெரும்பாலும் அவ்வளவில் நிற்கும்.

இந்த அறிவு மறந்துபோனால் என்ன நேரும் என்பதற்கு ஏதென்ஸ் நகரின் பார்த்தெனான் கோயில் சான்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அதைக் கட்டிய கிரேக்கர் சலவைக்கற்களை இரும்புப் பட்டைகளால் இணைத்தனர். ஆனால் இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றி ஈரம் புகாமல் காத்தனர். 1898 முதல் 1933 வரை பலானோஸ் என்னும் பொறியாளர் அதைப் பழுது பார்த்தபோது அந்தக் காப்பு இல்லாமல் இரும்பைப் புகுத்தினார். சில பத்தாண்டுகளில் இரும்பு துருவேறிப் பருத்துச் சலவைக்கல்லை உடைத்தது. 1975இல் குழு ஒன்று அமைத்து, அந்த இரும்பையெல்லாம் களைந்து, துருவேறாத டைட்டேனியத்தை வைக்கும் நீண்ட பணியைத் தொடங்க வேண்டியதாயிற்று. காலத்தால் அழியாத கோயிலைப் பழுது பார்த்த கையே வடுப்படுத்தியது.

இனித் தெற்கே திரும்புவோம். கிருஷ்ணை ஆற்றங்கரையில் அமராவதித் தூபியை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டவர் காலின் மெக்கன்சி. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரான அவர் சில கற்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பின்னர்ப் பெரும் பகுதி சென்னைக்கு வந்தது. அதிலிருந்து ஒரு பகுதி லண்டனுக்குச் சென்றது. சென்னையில் எஞ்சியவற்றை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்சிசாலைச் சுவரிலேயே சாந்து வைத்துப் பதித்துவிட்டனர். அக்காலத்தார்க்கு அது உறுதியான ஏற்பாடாகத் தோன்றியது. விழாது, நகராது, திருடுபோகாது. ஆனால் அமராவதிக் கல் பால்நாட்டுச் சுண்ணாம்புக்கல். நீரை உறிஞ்சும் இயல்புடையது. சுவரின் ஈரம் சாந்திலுள்ள உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் ஏற்றியது. ஈரம் உலர்ந்ததும் உப்பு கல்லின் முகத்தருகே படிகமாகத் திரண்டது. அந்தப் படிகம் வளரும்போது சிற்பத்தின் மேற்பரப்பு இழை இழையாக உதிர்ந்தது. கல்லைப் பெயர்த்துக் காப்போம் என்றாலோ, இறுகிய சாந்தை உடைக்கும் அடியில் கல்லும் உடையக்கூடும். உள்ளே வைப்பது எளிது, வெளியே எடுப்பது அரிது என்னும் நிலை தாங்கிக்கு ஆகாது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இந்த அமராவதிச் சிற்பங்களை நுணுகி ஆராய்ந்து 1942இல் பெருநூல் வெளியிட்டவர் தமிழறிஞர் சி. சிவராமமூர்த்தி. சென்னைக் காட்சிசாலையில் பணியாற்றிய அவர் பின்னர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பொருட்காட்சிசாலையின் தொல்பொருட் பிரிவுக்குக் கண்காணிப்பாளராக விளங்கினார். அதன்பின் புது தில்லித் தேசியப் பொருட்காட்சிசாலையின் தலைமையையும் ஏற்றார். பிழைப்பின் பொருட்டு வட நாடு வந்த நம்மவருள், வங்கத்தின் பால, சேனர் காலச் சிலைகளுக்கும் காவலராக இருந்த தமிழர் ஒருவர் உண்டு என்பதை நினைவிற் கொள்ளலாம். சென்னையிலேயே 1930களில் எஸ். பரமசிவன் என்னும் வேதியியலறிஞர், நோயுற்ற வெண்கலங்களை மின்சார முறையால் தூய்மை செய்து காக்கும் பணியை நடத்தினார். வெண்கலத்தில் உப்புப் புகுந்து, ஈரக் காற்றும் சேர்ந்தால், பச்சைப் பொடி பூத்துப் பரவும். அதைக் குணப்படுத்திய பின்னரும் மீண்டும் ஈரம் தங்கும் இடத்தில் வைத்தால் நோய் திரும்பும். ஆகவே வெண்கலத்தின் நலம் பாதி அதை வைக்கும் இடத்தைப் பொறுத்தது.

நம் கோயில்களிலோ தாங்கும் கலை வழிவழியாக வாழ்ந்து வருகிறது. உற்சவ மூர்த்தியின் பீடத்தைக் கவனித்தால் பக்கங்களில் துளைகளோ வளையங்களோ இருப்பதைக் காண்கிறோம். கழிகளைச் செருகித் தோளில் சுமப்பதற்கும், வாகனத்தில் கட்டி நிறுத்துவதற்கும் அவை பயன்படுகின்றன. திருமேனியை எங்கே பிடித்துத் தூக்கவேண்டும் என்பதை வார்க்கும்போதே ஸ்தபதி முடிவு செய்துவிட்டார். கையையோ திருவாசியையோ பற்றி எவரும் தூக்க வேண்டியதில்லை.

மூலவரின் நிலை வேறு. கற்சிலையைப் பீடத்தில் நிறுத்தி அஷ்டபந்தனம் சாத்துகின்றனர். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, நற்காவி, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து இடித்து இளக்கிய மருந்து அது. சிலைக்கும் பீடத்துக்கும் இடையே நீர் புகாமல் தடுக்கிறது. சிலையைப் பற்றி நிற்கிறது. ஆயினும் பாறைபோல் முழுதும் இறுகிக் கல்லோடு ஒன்றாகிவிடுவதில்லை. காலப்போக்கில் தளர்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதை நீக்கிப் புதியது சாத்திக் குடமுழுக்கு நடத்துவது வழக்கம். சமயப் பொருளை ஒருபுறம் வைத்துத் தொழில் நோக்கில் பார்த்தாலும் இது வியக்கத்தக்க ஏற்பாடு. பிணைப்பு தேயும், சிலை தேயாது. பிணைப்பை மாற்றலாம், சிலையை மாற்ற வேண்டா. சென்னைச் சுவரில் சாந்து இட்டவர்கள் நம் குருக்களையும் ஸ்தபதியையும் கேட்டிருந்தால் இந்த நெறியைச் சொல்லியிருப்பார்கள்.

இன்றைய பொருட்காட்சிசாலைகள் மேற்கொள்ளும் நெறியும் இதுவே. பொருளைத் தாங்கிக்காக வெட்டுவதும் துளைப்பதும் கூடாது. தாங்கியைத்தான் பொருளுக்கேற்ப வளைக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் முதலில் வளைவதும் உடைவதும் தாங்கியாக இருக்கவேண்டும். வைத்த தாங்கியை வடு இன்றி எடுக்க இயலவேண்டும்.

இதைக் கற்பவர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு கண்ணால் பார்க்கப் பழகுகிறார். பொருளில் பழைய ஒட்டு எங்கே, விரிசல் எங்கே, பளு எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்கிறார். சாய்ந்த பக்கத்தின் அடியில் முதல் தாங்கல் வரும். பிறகு மெல்லிய கம்பியையோ தாளையோ பொருளின் வளைவோடு வைத்து அச்சு எடுக்கிறார். அந்த அச்சைப் பார்த்துப் பித்தளைக் கம்பியை வேறிடத்தில் வளைத்துப் பற்றாசு வைத்து இணைக்கிறார். தீயும் பொருளும் ஒரே மேசைக்கு வருவதில்லை. கம்பியின் கூர்முனைகளை அரத்தால் மழுக்கி, பொருளைத் தொடும் இடமெல்லாம் மென்மையான உறை போர்த்துகிறார். கொக்கி பொருளை இறுகக் கவ்வக்கூடாது; எடையைக் கீழ்த் தாங்கல் ஏற்க, கொக்கி சாயாமல் தடுத்தால் போதும். கடைசியில் பொருளை அமர்த்தி, மேசையை மெல்ல அசைத்துப் பார்க்கிறார். ஆடினால் அன்றைய வேலை மீண்டும் தொடங்கும்.

உறையைத் தேர்வதிலும் அறிவு வேண்டும். கம்பளித் துணி மென்மையானதுதான். ஆனால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். சில மரங்களிலிருந்து எழும் புளிப்பு ஆவி ஈயத்தை அரிக்கும். 1973இல் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி என்பவர் இதற்கு எளிய சோதனை ஒன்றை வகுத்தார். ஐயத்துக்குரிய பொருளின் துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடும் சிறிது நீரோடும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைக்கவேண்டும். தகடுகள் கெடாவிட்டால் அந்தப் பொருளைப் பயன்படுத்தலாம். ஆண்டில் பல மாதம் ஈரக் காற்றில் நனையும் கொல்கத்தா போன்ற நகருக்கு இத்தகைய எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும்.

இக்கல்வி நம் நாட்டில் மெல்லவே வேரூன்றியது. நெடுங்காலம் தாங்கி செய்தவர்கள் காட்சிசாலைத் தச்சரும் கருமானும் கொத்தருமே. அவர்கள் கைத்திறன் மிக்கவர்கள். ஆனால் உப்பின் இயல்பையும் ஆவியின் இயல்பையும் அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. அவற்றை அறிந்த அறிஞர்க்கோ உளி பிடித்துப் பழக்கம் இல்லை. இந்த இடைவெளியைக் குறைக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வந்தன. பரோடாவில் 1952இலும், கல்கத்தாவில் 1950களின் இறுதியிலும் பொருட்காட்சிசாலை இயல் தனிப் பாடமாயிற்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1937 முதலே ஆசுதோஷ் பொருட்காட்சிசாலை இருந்தது மாணவர்க்கு நல்வாய்ப்பு. பண்பாட்டுச் செல்வங்களைப் பாதுகாக்கும் தேசிய ஆய்வகம் 1976இல் லக்னோவில் எழுந்தது.

அவ்வளவுக்குப் பின்னும் 2013இல் ஒரு துயரம் நேர்ந்தது. இருநூறாம் ஆண்டு விழாவை முன்னிட்டு இந்தியப் பொருட்காட்சிசாலையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, அவ்வாண்டு டிசம்பரில், இடம் பெயர்க்கையில் ராம்பூர்வாச் சிங்கச் சிகரம் சேதமுற்றது. செய்தி நாடெங்கும் பரவிக் கவலையையும் விவாதத்தையும் எழுப்பியது. மௌரியத் தச்சன் அந்தப் பெரும் பாரத்தை உயர்ந்த தூணின் உச்சிக்கு ஏற்றிச் செப்பு முளையில் அமர்த்தினான். தூண் சாய்ந்தது, நூற்றாண்டுகள் மண்ணில் கழிந்தன, சிங்கம் பிழைத்தது. கூரைக்கு அடியில், காவலர் நடுவில், சில அடி நகர்த்தும் வேளையில் அதற்கு ஊறு வந்தது. யாரைக் குறை கூறுவது என்பது நம் ஆராய்ச்சி அன்று. நிற்கும்போது மட்டுமன்று, நகரும்போதும் பொருளுக்குத் தாங்கி வேண்டும் என்பதே நாம் கொள்ளவேண்டிய கருத்து. தூக்கும் பட்டை, அடியில் இடும் மெத்தை, வண்டியின் தட்டு, எண்ணிச் செயற்படும் ஆட்கள் ஆகிய எல்லாம் தாங்கியின் உறுப்புகளே. அதற்கெனப் பயின்றவர்களைப் பணியில் அமர்த்துவதும், அவர்கள் சொல்லுக்கு மதிப்பளிப்பதும் விழாவுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைவிட முதன்மையான செலவு.

ஊர்விட்டு ஊர் வந்த நம் வீடுகளிலும் சிறு பொருட்காட்சிசாலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பாட்டியின் தஞ்சாவூர்ப் படம், பித்தளைக் குத்துவிளக்கு, மணக்கோலத்தில் எடுத்த பழைய புகைப்படம் ஆகியவற்றைப் பெட்டியில் சுமந்து வந்திருக்கிறோம். மேற்சொன்ன நெறி இவற்றுக்கும் பொருந்தும். தஞ்சாவூர்ப் படத்தை மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டா. உட்சுவரில் இரண்டு ஆணிகளில் மாட்டி, சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகளை வைத்தால் படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று உலவும். புகைப்படத்தில் பசைநாடா ஒட்டாமல், நான்கு மூலைகளையும் தாள் உறையில் செருகி வைப்பது நலம். விளக்கை அலமாரியில் வைக்கும்போது ஈரம் பிடிக்கும் கம்பளியின்மேல் வைக்காமல் உலர்ந்த பருத்தித் துணியின்மேல் வைக்கலாம். பழம் பொருளைத் தூக்கும்போது காதையும் கைப்பிடியையும் நம்பாமல் அடியில் கை கொடுப்பது சிறந்தது.

இந்தியப் பொருட்காட்சிசாலைக்குச் செல்லும் அன்பர்கள் பார்ஹுத் வேலியின் முன் சிறிது நேரம் நின்று, சிற்பங்களைக் கண்டபின் குறுக்குக் கற்கள் தூணில் நுழையும் இடத்தையும் நோக்குவார்களாக. குழந்தைகளை அழைத்துச் சென்றால் ஒவ்வொரு சிலையின் அடியையும் காட்டி, ‘இது எதன்மேல் நிற்கிறது?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் பழகிய பிள்ளைகளுள் ஒருவரேனும் நாளை உளியும் வேதியியலும் ஒருங்கே கற்றவராக வளர்ந்து, நம் சிற்பங்களுக்கு நல்ல தாங்கி அமைப்பார் என்று நம்புவோம்.